கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நாய் டாக்டர்

இராயபுரத்தில் குடியிருந்தவரை எங்கள் வீட்டு நாய்க்கு மருத்துவர் யார் என்ற கேள்வி எழுந்ததே இல்லை. தெருமுனையில் வயதான கால்நடை மருத்துவர் ஒருவர் இருந்தார். மாலை ஆறு மணிக்குக் கதவைத் திறப்பார், வந்த வரிசையில் பார்ப்பார், எங்கள் தெருவில் வளர்ந்த நாய்களில் பெரும்பாலானவை அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டவை. கடந்த ஆண்டு கொடுங்கையூருக்கு வீடு மாறிய பிறகுதான், மின்னி என்கிற ஆறு வயது நாட்டு நாய்க்கும், அம்மாவின் செல்லமான சோமு என்கிற ஆண் பூனைக்கும் புதிதாக ஒரு மருத்துவரைப் பார்க்க வேண்டிய வேலை வந்தது. பள்ளிக்கூடம், கேஸ் இணைப்பு, ரேஷன் அட்டை முகவரி மாற்றம் ஆகியவற்றோடு பட்டியலில் இதுவும் ஒரு வரியாகத்தான் இருந்தது. மற்றவையெல்லாம் முடிந்தும் இது மட்டும் வாரக்கணக்கில் இழுத்தது. அந்த அலைச்சலில் எனக்குத் தெளிவானவை, வடசென்னையில் பிராணி வளர்க்கும் மற்றவர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் எழுதிவைக்கிறேன்.

பழைய மருத்துவரிடமே தொடர்ந்து போகலாமே என்றுதான் முதலில் வீட்டில் பேசிக்கொண்டோம். வரைபடத்தில் பார்த்தால் கொடுங்கையூருக்கும் இராயபுரத்துக்கும் அப்படியொன்றும் பெரிய தூரம் இல்லை. ஆனால் நடுவில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகும் சரக்கு ரயில் ஒன்று குறுக்கே வந்து நின்றுவிட்டால், கேட்டின் இருபுறமும் லாரியும் ஆட்டோவும் இருசக்கர வாகனமுமாக அடைத்துக்கொண்டு, முன்னேயும் போக முடியாமல் திரும்பவும் வழியில்லாமல் நிற்க வேண்டியதுதான். வலிப்பு வந்த நாயை மடியில் வைத்துக்கொண்டு அங்கே நிற்பதை நினைத்துப் பார்த்தால், மருத்துவமனைக்கான தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடுவது எவ்வளவு வீண் என்பது புரியும். மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டால் இன்னொரு வழியும் அடைபட்டுவிடும். போதாக்குறைக்கு ஆட்டோக்காரர்கள். "நாயா? வேணாம் சார், சீட்டு பூரா முடியாயிடும்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விடுகிறவர்களே அதிகம். ஆகையால், கேட் மூடியிருக்கும்போதும் மழை பெய்யும்போதும் ஆட்டோ கிடைக்காதபோதும் போய்ச் சேரக்கூடிய இடத்தில் ஒரு மருத்துவர் வேண்டும் என்பது முதல் நிபந்தனையாயிற்று.

இதைச் சொன்னதும் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "அதான் மாட்டாஸ்பத்திரி இருக்கே!" வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையைத்தான் எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக அப்படிச் சொல்கிறோம். 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கி, 1905-இல் வேப்பேரிக்கு வந்த அந்தக் கல்லூரி, 1989-இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் அங்கமாயிற்று. அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைமையகமே நம் பக்கத்து மாதவரம் பால்பண்ணைப் பகுதியில்தான் இருக்கிறது. அங்கேயும் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை ஒன்று இயங்குகிறது. பிராணி மருத்துவத்தைப் பொறுத்தமட்டில் வடசென்னைக்காரர்களுக்கு வாய்த்த கொடுப்பினை, நகரத்தின் வேறு எந்த மூலையில் இருப்பவர்களுக்கும் இல்லை என்றே சொல்வேன். தென்சென்னையில் இருப்பவர்கள் பாதி ஊரைக் கடந்து வேப்பேரிக்கு வருகிறார்கள். நாம் பட்டாளத்தையும் டவுட்டனையும் தாண்டினால் போதும்.

ஆனால் கற்பிக்கும் மருத்துவமனை என்பது என்ன என்பதையும் புரிந்துகொண்டு போக வேண்டும். சீட்டு வாங்க ஒரு வரிசை, பிறகு பிரிவுக்கு ஒரு வரிசை. முதலில் பயிற்சி மாணவர்கள் பார்த்துக் குறிப்பெடுப்பார்கள், பிறகு பேராசிரியர் வந்து பார்ப்பார். ஸ்கேன் ஓரிடம், இரத்தப் பரிசோதனை ஓரிடம். எலும்பு முறிவு, கட்டி, சிக்கலான பிரசவம், யாருக்கும் பிடிபடாத நோய் என்று வரும்போது அதைவிடச் சிறந்த இடம் நமக்கு எட்டும் தூரத்தில் இல்லை. நான்கு பேர் கூடிப் பேசி முடிவெடுப்பதை அங்கே நேரில் பார்க்கலாம். அதற்காக, காதில் சீழ் வைத்ததற்கும் வருடாந்திர ஊசிக்கும் அரைநாள் விடுப்பெடுத்துக்கொண்டு அங்கே போய் நிற்பது நடக்கிற காரியமா? அடுத்த முறை போகும்போது அதே மருத்துவர் இருப்பார் என்பதும் இல்லை. கொஞ்ச நாளில் அலுத்துப்போய், போக வேண்டிய நேரத்தில்கூடப் போகாமல் இருந்துவிடுவோம் என்பதுதான் எனக்கிருந்த பயம்.

ஆக, தேவைப்பட்டவர் ஒரு பக்கத்து வீட்டு மருத்துவர். நாயின் பெயரும் பழைய நோயும் நினைவில் வைத்திருப்பவர். அப்படிப்பட்டவரிடம் நான் எதிர்பார்த்த முக்கியமான தகுதியைக் கேட்டால் சிலருக்கு விநோதமாக இருக்கலாம். எந்தக் கட்டத்தில் நோய் தன் கையை மீறிவிட்டது என்பதைத் தயங்காமல் சொல்லி, "இன்றைக்கே வேப்பேரிக்குக் கொண்டுபோங்கள்" என்று கடிதம் எழுதிக் கொடுக்கத் தெரிந்தவராக அவர் இருக்க வேண்டும். திறமையான மருத்துவர்கள் நம் பகுதியில் நிறையவே இருக்கிறார்கள். அனுப்பிவைக்கத் தெரிந்தவர்கள் அவ்வளவு பேர் இல்லை. தானே நான்கு நாள் ட்ரிப்ஸ் ஏற்றிப் பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் கைவிரிக்கும் கதையை எங்கள் தெருவிலேயே கேட்டிருக்கிறேன். அதனால் நான் போன இடங்களிலெல்லாம், "உங்களால் பார்க்க முடியாத நிலை வந்தால் எங்கே அனுப்புவீர்கள் டாக்டர்?" என்ற கேள்வியைக் கேட்டேன். ஒருவர் முகம் சுளித்தார். இன்னொருவர், எந்த நோய்க்கு வேப்பேரி, எதற்கு மாதவரம், எந்தப் பரிசோதனையை வெளி ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று உட்காரவைத்து விளக்கினார். இரண்டாமவரிடம்தான் இப்போது போகிறோம்.

அவரைக் கண்டுபிடிப்பதற்கு முன் கழித்துக்கட்ட வேண்டியவர்கள் சிலர் இருந்தார்கள். பெயர்ப்பலகையிலிருந்து தொடங்கலாம். 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவர்தான் கால்நடை மருத்துவம் செய்யலாம். கால்நடை மருத்துவப் பட்டமான பி.வி.எஸ்சி. படிப்பு, பயிற்சிக்காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. முடித்தவர்கள் மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்து எண் பெறுகிறார்கள். அந்த எண் பலகையிலோ மருந்துச் சீட்டிலோ இருக்கிறதா என்று பார்ப்பதில் தப்பேதும் இல்லை. எண்ணைக் கேட்டதற்காக உண்மையான மருத்துவர் யாரும் கோபித்துக்கொண்டதாக நான் கேள்விப்படவில்லை. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாய்க்குட்டி விற்பவரே ஊசியும் போடுவது, பிராணிகளுக்கான தீனிக் கடையில் வேலை பார்க்கும் 'ஊசி போடுகிற அண்ணன்' வீட்டுக்கே வந்து குறைந்த பணத்துக்கு முடித்துக்கொடுப்பது ஆகியவை நம் பகுதியில் வெகு சாதாரணம். அந்த அண்ணன்களில் பலர் நல்லவர்கள், நாயைப் பிடிக்கும் பக்குவமும் தெரிந்தவர்கள். ஆனால் ஊசி போட்ட பத்தாவது நிமிடம் நாயின் முகம் வீங்கி மூச்சுத் திணறினால் என்ன செய்வது என்பது அவர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் அதற்கான மருந்து பையில் இருக்காது.

ஊசி மருந்தைப் பற்றியே ஒரு வார்த்தை. குட்டிகளுக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடும் கூட்டுத் தடுப்பூசி பெரும்பாலும் இரண்டு குப்பிகளாக வருகிறது. ஒன்றில் அடியில் ஒட்டிக்கொண்ட வெள்ளைத் தூள் கட்டி, மற்றொன்றில் திரவம். போடுவதற்குச் சற்று முன்னர்தான் திரவத்தை ஊசியால் உறிஞ்சித் தூள் குப்பிக்குள் செலுத்தி, மெல்ல உருட்டிக் கரைக்க வேண்டும். இரண்டுமே 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருந்திருக்க வேண்டும். நல்ல மருத்துவமனையில் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுப்பது நம் கண்முன்னே நடக்கும்; குப்பியின் மேல் இருக்கும் சிறு லேபிளை உரித்து, தொகுதி எண்ணும் காலாவதி தேதியும் தெரியும்படி அட்டையில் ஒட்டி, கையெழுத்திட்டு, முத்திரை வைத்துத் தருவார்கள். சட்டைப் பையிலிருந்து குப்பி வெளிவந்தால் அந்த ஊசி போட்டும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான். சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் ஊர் சுற்றி வந்த மருந்து பார்வோ என்கிற வயிற்றுப்போக்குக் கிருமியைத் தடுக்கும் என்று நம்புவதற்கு இடமில்லை. குட்டி இரத்தமாகக் கழியும்போதுதான் அது தெரியவரும்.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்க உகந்த நேரம் பிராணி நன்றாக இருக்கும் நேரம். நோய் வந்தபின் தேடினால் பயத்தில் எதையும் கவனிக்க மாட்டோம். யார் கதவைத் திறந்து வைத்திருக்கிறாரோ அவரே தெய்வமாகத் தெரிவார். ஆகவே மின்னிக்கு ஒரு குறையும் இல்லாதபோதே, நகம் வெட்ட வேண்டும், எடை பார்க்க வேண்டும் என்று ஏதாவது ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு அழைத்துப் போனேன். முதலில் போனது கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் சுவர் முழுக்க வெளிநாட்டு நாய்ப் படங்களுமாக இருந்த ஓர் இடம். அங்கிருந்த மருத்துவர் மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்தபடியே வயது, சாப்பாடு எல்லாம் கேட்டார், கணினியில் தட்டினார், கல்லீரலுக்கு ஒரு டானிக், முடிக்கு ஒரு டானிக், விலை உயர்ந்த ஒரு தீனிப் பை ஆகியவற்றை எழுதித் தந்தார். மின்னி என்ற ஜீவனை அவர் தொடவே இல்லை.

இப்போது போகும் இடம் ஒரு பழைய வீட்டின் முன் அறை. மேசை மீது சாக்கு விரித்திருந்தது, நகம் வழுக்காமல் இருப்பதற்காக. மருத்துவர் முதலில் எடை இயந்திரத்தில் ஏற்றச் சொன்னார். மருந்தின் அளவு எல்லாமே எடையைப் பொறுத்தது என்பதால் கண்ணால் பார்த்து "இருபது கிலோ இருக்கும்" என்று சொல்பவரிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. பிறகு மின்னியின் மேல் உதட்டைக் கட்டைவிரலால் தூக்கி, ஈறை ஒரு கணம் அழுத்தி விட்டார்; வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவந்ததைக் கவனித்தார். தோள்பட்டைத் தோலை மெல்லக் கிள்ளித் தூக்கி விட்டு, அது உடனே படிகிறதா என்று பார்த்தார். உடம்பில் நீர்ச்சத்து குறைந்திருந்தால் தோல் கூடாரம்போல் நின்றுவிடும் என்றார். தாடைக்குக் கீழும் முழங்காலுக்குப் பின்னும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவினார். வால் பக்கம் வெப்பமானி வைத்து, 101 முதல் 102.5 டிகிரி வரை நாய்க்கு இயல்பான சூடு, மனிதக் கணக்கில் காய்ச்சல் என்று பயந்துவிடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே குறித்துக்கொண்டார். கடைசியில் நான்கு பாதங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து விரலிடுக்கை விரித்துப் பார்த்தவர், முன்னங்கால் இடுக்கிலிருந்து மிளகளவு உண்ணி ஒன்றை இடுக்கியால் பிடுங்கிக் காட்டினார். பத்து நிமிடத்துக்கும் குறைவான வேலைதான். ஆனால் இதையெல்லாம் செய்யாமல் சீட்டு எழுதுகிறவர் எதை வைத்து எழுதுகிறார் என்பது எனக்கு விளங்கவில்லை.

அந்த உண்ணி விஷயம் சாதாரணமானதன்று. சென்னையின் தட்பவெப்பத்தில் நாய் உண்ணிக்கு ஓய்வுகாலம் கிடையாது. சுவர் வெடிப்பிலும் கதவுச் சட்டத்திலும் முட்டையிட்டு ஆண்டு முழுவதும் பெருகும். அது கடிப்பதால் பரவும் உண்ணிக் காய்ச்சல்தான் நம் ஊர் நாய்களை அதிகம் வாட்டும் நோய்களில் ஒன்று. எர்லிக்கியா என்பது ஒரு பாக்டீரியா. பபேசியா என்பது சிவப்பணுக்களுக்குள் புகுந்து வாழும் ஒட்டுண்ணி. இரண்டுமே ஒரே உண்ணியால் வரலாம், இரண்டிலுமே நாய் சாப்பிடாமல் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், காய்ச்சல் அடிக்கும். ஆனால் முதலாவதற்குப் பல வாரம் கொடுக்கும் டாக்சிசைக்ளின் மாத்திரை மட்டுமே இரண்டாவதைக் குணப்படுத்திவிடாது. எனவே, இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பதும், தட்டணுக்களின் எண்ணிக்கையைச் சோதிப்பதும் இல்லாமல் வைத்தியம் தொடங்குவது இருட்டில் கல் எறிவதுதான்.

இந்த ஒரு நோயை எப்படி அணுகுகிறார் என்பதை வைத்தே ஒரு மருத்துவரை எடைபோட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். சாப்பிடாத நாய்க்கு ஓர் ஊசி போட்டதும் அன்று மாலையே அது எழுந்து தட்டைக் காலி செய்துவிட்டால், வீட்டார் அவரைக் கைராசிக்காரர் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். பல சமயம் அந்த ஊசியில் இருப்பது ஸ்டீராய்டு. சில நோய்களுக்கு அது அவசியமான மருந்துதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நோய் இன்னதென்று தெரியாமல் போட்டால், பசியெடுக்கும், காய்ச்சல் அடங்கும், உள்ளே கிருமி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். பிறகு ஒருநாள் மூக்கில் இரத்தம் வரும்போது நிலைமை எல்லை மீறியிருக்கும். "என்ன ஊசி போட்டீர்கள் டாக்டர்? பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்" என்று ஒவ்வொரு முறையும் கேட்பது நம் உரிமை. எழுதித் தர மறுப்பவரிடம் இரண்டாவது முறை போக வேண்டியதில்லை.

மழைக்காலம் வந்தால் எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரில் நாய் நடந்தாலோ அதைக் குடித்தாலோ தொற்றி, கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும் இந்த நோய், நாயிடமிருந்து நமக்கும் வரக்கூடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் தெருக்களில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்பதை இங்கே யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. எண்ணூர்ப் பக்கம் அந்தத் தண்ணீரில் எண்ணெயும் கலந்திருந்தது. எங்கள் மருத்துவர் முதல் நாளிலேயே, "உங்கள் தெருவில் தண்ணீர் நிற்குமா? தரைத்தளமா, மாடியா?" என்று கேட்டார். நாயைப் பற்றிக் கேட்காமல் வீட்டைப் பற்றிக் கேட்கிறாரே என்று அம்மாவுக்கு வியப்பு. தடுப்பூசியில் எலிக்காய்ச்சலுக்கான பகுதியை ஆண்டுதோறும் தவறாமல், முடிந்தால் ஐப்பசி மழைக்கு முன்னரே போட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கேள்வி. இந்தப் பகுதியிலேயே தொழில் செய்பவருக்கு மட்டுமே கேட்கத் தோன்றும் கேள்வி அது.

பூனை வைத்திருப்பவர்கள் தனியாக விசாரிக்க வேண்டும். நாய் நன்றாகப் பார்ப்பவர் பூனையையும் அதேபோல் பார்ப்பார் என்று சொல்ல முடியாது. பூனையைச் சிறிய நாய் என்று நினைத்து மருந்து எழுதுவது ஆபத்து. நமக்குச் சாதாரணமான பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையின் உயிரைக் குடித்துவிடும். அதை உடைத்து வெளியேற்றும் வசதி அதன் உடம்பில் இல்லை, சிவப்பணுக்கள் கெட்டு, மூச்சுத் திணறி, நாக்கு நிறம் மாறிவிடும். அம்மாவின் மாத்திரை டப்பா சோமுவின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னபிறகு அது அலமாரிக்குள் போயிற்று. ஆண் பூனை மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து ஒரு சொட்டும் வராமல் கத்தினால், மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் புகட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம், ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாக முடியும். இதையெல்லாம் கேட்காமலேயே சொன்னார் என்பதாலும், சோமுவைக் கழுத்தைப் பிடித்துத் தூக்காமல் துண்டில் சுற்றி அணைத்தபடி பார்த்தார் என்பதாலும் அம்மாவின் வாக்கு அவருக்கே விழுந்தது.

பறவைகள் வேறு கதை. வண்ணாரப்பேட்டை, இராயபுரம் பக்கம் மொட்டை மாடியில் பந்தயப் புறா வளர்ப்பவர்கள் தங்களுக்குள் ஒரு தனி வைத்திய மரபையே வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு யோசனை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று: 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்ப்பதே குற்றம், எந்த மருத்துவரைப் பார்ப்பது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

அறுவைச் சிகிச்சை என்று வந்தால் விசாரணை இன்னும் கறாராக இருக்கலாம். கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு, பருவம் வந்து போன சில வாரங்களில் கருப்பையில் சீழ் கோத்துக்கொள்ளும் ஆபத்து வயது ஏற ஏற அதிகமாகிறது. நாய் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிக்கும், சோர்ந்துபோகும், சில சமயம் சீழ் வெளியே தெரியாமலேயே இருக்கும். அந்த நிலையில் செய்யும் அறுவை, நலமாக இருக்கும்போது செய்யும் கருத்தடையைவிடப் பல மடங்கு அபாயமானது. மின்னிக்கு இராயபுரத்திலேயே முடித்துவிட்டோம் என்றாலும், பக்கத்து வீட்டு நாய்க்காக இங்கேயும் விசாரித்தேன். முன்கூட்டியே இரத்தம் பரிசோதிப்பார்களா, மயக்கத்தை ஊசியால் மட்டும் கொடுப்பார்களா அல்லது வாயு மயக்கம் உண்டா, அறுவை நடக்கும்போது மூச்சையும் இதயத்தையும் கவனிக்க இன்னொரு ஆள் இருப்பாரா, நினைவு திரும்பும்வரை யார் பக்கத்தில் இருப்பார்கள் என்பவை கேட்க வேண்டியவை. எங்கள் மருத்துவர், "சின்னத் தையல் போடுவேன்; வயிற்றைத் திறக்கும் வேலைக்கு என்னிடம் வசதி இல்லை, மாதவரத்துக்கு எழுதித் தருகிறேன்" என்றார். அந்தப் பதிலுக்காகவே பக்கத்து வீட்டுக்காரர்களும் அவரிடம் வரத் தொடங்கிவிட்டார்கள்.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஒரு சிகிச்சை தொடங்குமுன், மொத்தம் எவ்வளவு ஆகும், அதில் எது கட்டாயம், எது தள்ளிப்போடக்கூடியது என்று கேட்டால் நல்ல மருத்துவர் பிரித்துச் சொல்வார். மருந்தைத் தன்னிடமே வாங்க வேண்டும் என்று வற்புறுத்தாமல், வெளியே மெடிக்கலில் கிடைப்பதை எழுதித் தருவதும் ஒரு நல்ல அடையாளம்.

இரவு நேரத்துக்கு யார் என்பதையும் பகலிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இரவெல்லாம் தொலைபேசியை எடுக்க வேண்டும் என்று ஒரு தனி மருத்துவரிடம் எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் தான் எடுக்காத நேரத்தில் எங்கே போக வேண்டும் என்பதையாவது அவர் சொல்லியிருக்க வேண்டும். நாய்க்கு மறுக்காமல் வரும் ஓர் ஆட்டோக்காரரின் எண்ணையும் அத்துடன் சேர்த்துக்கொள்ளுங்கள்; எங்களுக்கு மூலக்கடையில் ஒருவர் கிடைத்திருக்கிறார், பின் இருக்கையில் பழைய போர்வை ஒன்றை விரிக்க வேண்டும் என்பது மட்டுமே அவர் நிபந்தனை.

மாநகராட்சி உரிமம் பற்றியும் ஒரு குறிப்பு. வளர்ப்பு நாய்க்கு உரிமமும், தோலுக்கடியில் செலுத்தும் அடையாள மைக்ரோசிப்பும் கட்டாயம் என்று 2025 இறுதியில் கெடுபிடி தொடங்கியபோது, உரிமம் இல்லாவிட்டால் 5000 ரூபாய் அபராதம் என்ற அறிவிப்பு வந்து எல்லோரும் அட்டையைத் தேடினார்கள். உரிமத்துக்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். அதில் மருத்துவரின் பதிவு எண் இல்லாவிட்டால் அலைச்சல்தான். வீட்டுக்கு வந்து ஊசி போட்ட அண்ணனின் அட்டையோடு திண்டாடியவர்களை அப்போது நேரில் பார்த்தேன். மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையம் திரு.வி.க. நகரிலும் இருப்பதால் நம் பக்கத்தவர்கள் அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மருத்துவரை மாற்றும்போது பழையவரிடமிருந்து நோய்க் குறிப்புகளை வாங்கிக்கொள்ளத் தயங்கக் கூடாது. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதைவிட, வீடு மாறுகிறோம் என்று சொல்லி விடைபெற்றால் அவர்களுக்கும் வருத்தம் இருக்காது. இராயபுரத்து மருத்துவர் தன் பழைய நோட்டைப் புரட்டி, மின்னிக்கு எந்த ஆண்டு உண்ணிக் காய்ச்சல் வந்தது, எந்த மருந்து கொடுத்தபோது உடம்பெல்லாம் தடித்தது, கருத்தடையின்போது எவ்வளவு மயக்க மருந்து தேவைப்பட்டது என்றெல்லாம் ஒரு முழுத் தாளில் எழுதிக் கொடுத்தார். புதியவர் அதை முழுவதும் படித்துவிட்டு, ஒவ்வாமை வந்த மருந்தின் பெயரைச் சிவப்பு மையில் எழுதி அட்டையின் முதல் பக்கத்தில் ஒட்டினார். தாளின் கடைசி வரியைப் படித்ததும் உதவியாளரை உள்ளேயிருந்து கூப்பிட்டார். "நகம் வெட்டும்போது இரண்டு பேர் பிடிக்கவும், மூன்றாவது ஆள் இருந்தால் நல்லது" என்று எழுதியிருந்தது.